ஜெர்மனியின் டூபிங்கனிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். குளிர் ஏறிவிட்டது, நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பருப்புப்பொடி இன்னும் பாதி இருக்கிறது, அம்மா கவலைப்பட வேண்டாம்.

"1477இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் என் மகள் படிக்கிறாள்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம், தம்பி சொன்னான். அந்த வருஷத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பழைய ஊருக்குள் யூதர் சந்து என்று ஒன்று இருக்கிறது. யூதர் யாரும் அங்கே இல்லை. அதே 1477இல், பல்கலைக்கழகத்தைத் தொடங்கிய எபர்ஹார்டு பிரபுவே அவர்களை ஊரைவிட்டே துரத்திவிட்டார். சந்துக்குப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. முந்நூறு வருஷம் கழித்து, பக்கத்து வான்க்ஹைம் கிராமத்தில், வேறொரு குறுநிலப் பிரபுவுக்குப் பாதுகாப்புப் பணம் கட்டிக் குடியிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சட்டம் தளர்ந்ததும் மெல்ல மெல்ல இங்கே திரும்பி வந்தார்கள். கிராமத்து ஜெபாலயத்தை விட்டுவிட்டு, 1882இல் இங்கே கார்ட்டன் தெருவில் புதிதாக ஒன்று கட்டினார்கள். நான் தினமும் நடந்து வருகிற தெரு, அப்பா. நெக்கர் ஆற்றை ஒட்டியே போகும்.

ஐம்பத்தாறு வருஷம்தான் அது நின்றது. 1938 நவம்பர் 9ஆம் தேதி இரவு நாஜிகள் உள்ளே புகுந்து அடித்து நொறுக்கி, விடிவதற்குள் தீ வைத்துவிட்டார்கள். எரிந்த சுவர்களை இடித்து அகற்றிய செலவையும் யூதர்கள் தலையிலேயே கட்டினார்கள். கொளுத்தியதைக்கூட வெறி என்று சொல்லிவிடலாம். நிதானமாக உட்கார்ந்து கூலிக் கணக்குப் போட்டிருக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அந்த இடத்தில் இப்போது குடியிருப்பு வீடு, ஜன்னலில் பூந்தொட்டிகள். பக்கத்தில் 2000இல் நினைவிடம் அமைத்திருக்கிறார்கள். இரும்பால் ஒரு பெரிய கனசதுரம், அதில் சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள், மொத்தம் 101. துரத்தப்பட்ட, கொல்லப்பட்ட இந்த ஊர் யூதர்களுக்காக, ஆளுக்கு ஒன்று. நேற்றுக் கையுறையைக் கழற்றிவிட்டு ஓர் ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தேன். இரும்பு சில்லென்று சுட்டது. அடுத்ததில் வைக்க மனசு வரவில்லை.

வரும் ஞாயிறு வான்க்ஹைம் போகலாம் என்றிருக்கிறேன். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் அங்கே இன்னும் இருக்கிறது.

பெருமையாகச் சொல்லுங்கள் அப்பா, வேண்டாம் என்று சொல்லவில்லை. 1477 என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்