‘கணினி வரைந்த ஓவியம்’ என்னும் தொடர் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலை, அறிவியல், தொழில்நுட்பம் மூன்றையும் இணைத்துச் சோதனை முயற்சிகளில் ஈடுபடும் ஓவியர்களைப் பற்றிய செய்திகளில் ‘கணினி வரைந்த ஓவியம்’ என்ற தொடர் அடிக்கடி இடம்பெறுகிறது. படைத்தவரைக் கருவியின் பெயரால் மறைத்துவிடும் இத்தொடரைக் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே எழுதுகிறேன்.

1924-இல் புடாபெஸ்டில் பிறந்து, பாரிஸில் வாழ்ந்து, 2023-இல் மறைந்த ஓவியர் வேரா மோல்நாரை எடுத்துக்கொள்வோம். 1968-இல் கணினி கைக்கு எட்டுவதற்கு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, கோடுகளும் சதுரங்களும் எந்த முறைப்படி இடம் மாற வேண்டும் என்று தமக்குத் தாமே விதிகளை வகுத்துக்கொண்டு, அவற்றைப் படிப்படியாகக் கையாலேயே வரைந்து பார்த்தவர் அவர். அம்முறைக்குக் ‘கற்பனை இயந்திரம்’ என்றே பெயரிட்டிருந்தார். பின்னர் ஃபோர்ட்ரான் என்னும் கணினி நிரல் மொழியைக் கற்று, ஆணைகளைத் துளைகளாகப் பதித்த துளையட்டைகள் வழியே கணினிக்கு ஆணையிட்டார். தொடக்கத்தில் திரை கிடையாது. வரைகருவி தாளில் கோடுகளை இழுத்து முடித்த பிறகே, தாம் எண்ணியது வந்திருக்கிறதா என்று அவரால் பார்க்க முடிந்தது. ஒழுங்கான சதுர அடுக்கில் 1 விழுக்காடு ஒழுங்கின்மையைக் கலந்தால் கண்ணுக்கு என்ன நேர்கிறது என்பது அவருடைய கேள்விகளுள் ஒன்று. ஆய்வுக்கூடத்துக் கேள்வி போலத் தோன்றினாலும், அதன் விடையை ஏற்றதும் தள்ளியதும் ஓவியரின் கண்தான்.

அவருடைய தாய் வாரந்தோறும் அவருக்குக் கடிதம் எழுதுவார். ஒவ்வொரு வரியும் இடப்புறம் திருத்தமாகத் தொடங்கி, வலப்புறம் செல்லச் செல்லப் பதற்றமடையும். ஆண்டுகள் கடக்கக் கடக்க எழுத்து முழுவதுமே குலைந்தது. அந்தக் கையெழுத்தின் போக்கை மோல்நார் 1980-களில் நிரலாக எழுதி, கோடுகளாக வரையச் செய்தார். படிப்பதற்கு ஒரு சொல்லும் இல்லாத அத்தாள்களைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. எழுத்து தளர்வதை வாரந்தோறும் கண்டிருந்தவர் மகளே அன்றி, கணினி அன்று.

இன்று, பிறர் படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் ஒரு வரி எழுதிக் கேட்டுப் படம் பெறுவதையும், இத்தகைய நெடுங்கால உழைப்பையும் ஒரே தொடரால் குறிப்பது இன்னும் பெரிய பிழை. எனவே, இச்செய்திகளைத் தொழில்நுட்பப் பக்கத்தில் அல்லாமல் கலைப் பக்கத்தில் வெளியிட்டு, ஓவியர் வகுத்த விதி எது, கருவி செய்தது எது, கிடைத்த படங்களில் அவர் எதை ஏற்று எதை விலக்கினார் என்பவற்றையும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்