பெருங்காயம், தோசைக்கல், எண்ணெய்ச்சட்டி: கப்பல் சமையற்கூடங்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர், சென்னை, மும்பை துறைமுகங்களிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல்களின் உணவுப் பிரிவு மேலாளர்களுக்கும் தலைமைச் சமையல்காரர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் மெனு அட்டைகளில் சில உணவுகளுக்குப் பக்கத்தில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று குறி போடுகிறீர்கள். அந்தக் குறி செய்முறைத் தாளைப் பார்த்துப் போடப்பட்டது. சீலியாக் நோய் உள்ள பயணிகளான எங்கள் குடலுக்குப் போய்ச் சேருவது தட்டில் வந்த சாப்பாடு. இரண்டுக்கும் நடுவே கிடங்கு, அடுப்பு, கரண்டி, பரிமாறுபவர் கை என்று பல இடம் இருக்கிறது. இந்த மடல் அந்த நடுவழியைப் பற்றியது.

சீலியாக் நோயைப் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலில் சத்தை இழுக்கும் குடலுறிஞ்சிகளைத் தாக்கி மொட்டையாக்கிவிடும். மருந்து கிடையாது, ஆயுளுக்கும் குளூட்டனைத் தவிர்ப்பது ஒன்றே வழி. நாள் முழுவதற்கும் சேர்த்து 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களின் குடல் தாங்கும். தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் போனாலே குடல் சேதமாவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஒரு கோதுமை ரொட்டித் துண்டில் 2 கிராமுக்கு மேல் குளூட்டன் உண்டு. அதை இருநூறாகக் கிள்ளி ஒரு கிள்ளு எடுத்தால் எங்கள் நாள் கணக்கு முடிந்தது. பொட்டலத்தில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று எழுத சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எல்லாருமே வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம்.

உங்கள் கப்பலில் எங்களுக்கு மிகப் பாதுகாப்பாக இருக்கக்கூடிய இடம் தென்னிந்தியச் சமையல் பகுதிதான். அரிசியும் உளுந்தும் தேங்காயும் புளியும் வைத்து ஆயிரம் பேருக்குச் சமைக்கும் அடுப்பு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. ஐரோப்பியக் கப்பல்கள் தனியாக மாவு கலந்து ரொட்டி சுட்டுச் சிரமப்படும் வேலை உங்களுக்கு இல்லை. ஆனால் அதே பகுதியில்தான் எங்களைப் பற்றிய அறிமுகம் குறைவு. 2016இல் வெளியான, பல மையங்களில் நடந்த இந்திய ஆய்வு ஒன்றில் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்குச் சீலியாக் இருந்தது, தென்னிந்தியாவில் 0.10 சதவீதம். கோதுமைச் சப்பாத்தியே மூன்று வேளையும் என்று வளர்ந்த ஊரில் நோய் தெரியும், மாற்று உணவு தெரியாது. இங்கே தலைகீழ்: மாற்று உணவுதான் அன்றாடச் சாப்பாடு, நோயைப் பார்த்த சமையல்காரர் அரிது. சென்னையிலிருந்து 2022 ஜூனில் தொடங்கிய கப்பல் பயணங்களிலும் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போகும் மூன்று நாள், நான்கு நாள் பயணங்களிலும் வட இந்தியக் குடும்பங்கள் ஏராளமாக ஏறுகின்றன. ஆகவே உங்கள் தோசை மாஸ்டர் எங்களைச் சந்திக்காமல் இருக்கப்போவதில்லை.

முதலில் பெருங்காயம். கடையில் விற்கும் தூளும் கட்டியும் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினுடன் மைதாவோ கோதுமை மாவோ சேர்த்தே செய்கிறார்கள். லேபிளைத் திருப்பிப் பார்த்தால் எழுதியிருக்கும். 'ஒரு சிட்டிகைதானே' என்பதுதான் நாங்கள் அதிகம் கேட்கும் பதில். கணக்குப் போடுவோம். 100 பேருக்கு 20 லிட்டர் சாம்பார், அதில் 10 கிராம் தூள், தூளில் பாதி கோதுமை மாவு என்று வையுங்கள். 5 கிராம் மாவில் ஏறக்குறைய அரை கிராம் குளூட்டன். 20 லிட்டருக்குப் பரப்பினால் கிலோவுக்கு 25 மில்லிகிராம். சட்ட எல்லை தாண்டிவிட்டது. ஒரு கிண்ணம் சாம்பாரில் 5 மில்லிகிராம். பிறகு ரசம், கூட்டு, ஊறுகாய், அப்பளம், இட்லி மிளகாய்ப்பொடி, சட்னித் தாளிப்பு. ஒரே மதிய உணவில் பத்து தாண்டும். இதில் ஒருவர்கூடத் தெரிந்து தவறு செய்யவில்லை என்பதுதான் சிக்கலே.

அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் இப்போது சந்தையில் இருக்கிறது. கொள்முதலில் ஒரு வரி மாற்றினால் போதும், ருசியில் வித்தியாசம் தெரியாது. ஆனால் தூளை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாதீர்கள். ரெடிமேட் சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, ஊறுகாய், அப்பளம் இவற்றுக்குள்ளும் அது ஒளிந்திருக்கும். மாற்ற முடியாத கப்பல்களுக்குச் சுலபமான வழி: பருப்பு வெந்ததும், தாளிப்புக்கு முன், ஒரு சிறு பாத்திரத்தில் எங்களுக்கானதை எடுத்துவிட்டுப் பூண்டும் சீரகமும் தாளித்துக் கொடுங்கள். நாங்கள் குறை சொல்லமாட்டோம்.

அடுத்து தோசைக்கல். மாவில் கோதுமை இல்லை, சரி. அந்தக் கல்லில் சற்று முன்பு என்ன வெந்தது? ரவா தோசையில் ரவையும் மைதாவும். புரோட்டா, சப்பாத்தி முழுக்க மாவு. போடும்போதே தூசு பறக்கும். நான்காவது தோசைக்கு முன் மாஸ்டர் கல்லில் தண்ணீர் தெளித்து ஒரு துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுவாரே, அங்கேதான் எல்லாம் கெடுகிறது. துடைப்பத்தின் ஈர்க்குகளுக்கு நடுவே ரவா தோசையின் கருகிய விளிம்புகள் மாட்டியிருக்கும். அடுத்த பெருக்கலில் அவை கல்லுக்கே திரும்பும். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துத் தேய்ப்பதும் அப்படியே. சூட்டில் குளூட்டன் செத்துவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அது கிருமி அல்ல, புரதம். கல்லின் சூட்டில் போகாது, தேய்த்துக் கழுவினால்தான் போகும்.

தனிக் கல் போட இடமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். மூடியுள்ள ஒரு நான்-ஸ்டிக் தவா, ஒரு திருப்பி, ஒரு மாவுக்கரண்டி, ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி: இவ்வளவுதான் கேட்கிறோம். ஊதா நிறக் கைப்பிடியுள்ள கருவிகள் ஒவ்வாமைக்கென்றே பல நாட்டுச் சமையற்கூடங்களில் புழங்குகின்றன. அதே நிறத்தை வைத்தால் எந்த நாட்டு ஊழியரும் புரிந்துகொள்வார். மாவையும் காலையில் பொது வாளிக்குள் கரண்டி போகும் முன்பே தனி டப்பாவில் எடுத்து வைக்கவேண்டும். ரவா தோசைக் கரண்டி ஒரு தடவை உள்ளே போய்வந்தால் மொத்த வாளியும் வீண்.

மூன்றாவது எண்ணெய்ச்சட்டி. மெதுவடைக்கு உளுந்து, பஜ்ஜிக்குக் கடலைமாவு, உருளைக்கிழங்கு வறுவலுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் அதே எண்ணெயில் பூரி, சமோசா, ரொட்டித்தூள் போட்ட கட்லெட், ரவை புரட்டிய மீன், மைதாவில் முக்கிய காலிஃபிளவர் எல்லாம் பொரிந்து உதிர்ந்திருக்கும். எண்ணெயை வடிகட்டுவதால் பயனில்லை. தனிச் சட்டி இல்லையென்றால் பொரித்த எதற்கும் குளூட்டன் ஃப்ரீ குறி போடாதீர்கள். கடலைமாவும் கவனிக்கவேண்டியது: கோதுமை அரைக்கும் ஆலையிலேயே அரைபடுவது உண்டு. சான்றளித்த பொட்டலமாக வாங்குங்கள்.

மற்ற பகுதிகளை வேகமாகச் சொல்லிவிடலாம். சீன உணவில் சோயா சாஸ் கோதுமை சேர்த்துப் புளிக்கவைப்பது; சிப்பிச் சாஸும் அநேகமாக அப்படியே. கோதுமை சேராத சோயா சாஸான தமாரி ஒரு பாட்டில் இருந்தால் போதும், வாணலியைக் கழுவிவிட்டு ஆரம்பிக்கவேண்டும். போலி நண்டுக் குச்சியில் கோதுமை மாவுச்சத்து இருக்கும். மேற்கத்திய சூப்புகள் மைதாவால் கெட்டியாகின்றன. பஃபேயைப் பற்றி ஒன்றும் செய்யவேண்டாம். அது எங்களுக்கானது அல்ல, அங்கே ஒரே இடுக்கி 'நான்' ரொட்டிக்கும் சாலடுக்கும் போய்வந்துகொண்டேதான் இருக்கும். கப்பல் பேக்கரியில் சுட்ட 'குளூட்டன் ஃப்ரீ' ரொட்டியையும் வேண்டாம் என்கிறோம். கோதுமை மாவுத்தூசு மணிக்கணக்கில் காற்றில் நிற்கும் இடம் அது. ஆலையிலேயே மூடி முத்திரையிட்டு, உறைநிலையில் வந்த ரொட்டியை அலுமினியத் தாளில் சுற்றிய படியே சூடாக்கிப் பிரிக்காமல் மேசைக்கு அனுப்புங்கள். டோஸ்டர் வேண்டாம்.

கொள்முதல் பிரிவுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்க லேபிளில் ஒவ்வாமை அறிவிப்பாகக் கோதுமையைச் சொல்வதுதான் கட்டாயம். பார்லி அந்தப் பட்டியலில் இல்லை. மால்ட் (முளைகட்டிய பார்லி) சேர்த்த காலை உணவுத் தானியமும் மால்ட் வினிகரும் 'கோதுமை இல்லை' என்ற கணக்கில் தப்பிவிடும். இந்திய, ஐரோப்பிய விதிகளின் ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பது 'குளூட்டன் உள்ள தானியங்கள்', பார்லியும் அதில் அடங்கும். பல நாட்டுச் சரக்கு ஒரே கிடங்கில் இறங்கும்போது இந்த வேறுபாடு தெரிந்த ஒருவர் அங்கே வேண்டும். வெட்டுப்பலகையையும் தவாவையும் துடைத்துக் குளூட்டன் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கப் பட்டைச் சோதனைகள் கிடைக்கின்றன. கால்மணி நேரத்துக்குள் கோடு தெரியும். சோயா சாஸ், பீர் போன்ற புளித்த பொருள்களில் அவற்றை நம்பாதீர்கள். நொதித்தலில் புரதம் துண்டாகிப்போவதால் சோதனை குறைத்துக் காட்டும்.

இனி காகிதத்துக்கு வருவோம். முன்பதிவுப் படிவத்தில் 'குளூட்டன்' என்று ஒரே ஒரு கட்டம். உடல் மெலியக் கோதுமையை விட்டவரும் சீலியாக் உள்ளவரும் அதையே டிக் செய்கிறார்கள். முன்னவர் இரண்டாம் நாள் கேக் சாப்பிடுவதைப் பார்த்த பரிமாறுபவர், பின்னவரிடமும் 'கொஞ்சம் சாப்பிடலாம் போல' என்று முடிவுகட்டுகிறார். இரண்டு கட்டம் வையுங்கள்: மருத்துவக் காரணம், விருப்பம். படிவத்தில் சொன்னது அலுவலகக் கணினியிலேயே தூங்காமல், அறை எண்ணோடு அச்சாகி உணவகம், அறைச் சேவை, கரைப்பயணம் மூன்றுக்கும் போகவேண்டும். அறை மாறினால் தாளும் கூடவே மாறவேண்டும்.

பயணத்தின் மோசமான வேளை முதல் நாள் மதியம். தலைமைப் பரிமாறுநர் மறுநாள் மெனுவை முந்தின இரவே காட்டி, தேர்ந்தெடுக்கச் சொல்லும் நல்ல வழக்கம் உங்களிடம் இருக்கிறது. ஆனால் அவரைச் சந்திப்பதே முதல் இரவுதான். அதுவரை பஃபே மட்டும் திறந்திருக்கும். மூன்று இரவுப் பயணத்தில் ஏறிய அன்றே பாதிக்கப்பட்டால் மீதிக் காலம் கழிப்பறையில்தான். ஏறும்போதே பெயரெழுதிய மூடிய சாப்பாடு ஒன்று கொடுத்தால் போதும்: தயிர்சாதம், வேகவைத்த முட்டை, ஒரு வாழைப்பழம். தயிர்சாதத் தாளிப்பில் பெருங்காயம் வேண்டாம் என்று மறுபடி சொல்லத் தேவையில்லை என நம்புகிறோம்.

வாசலில் கை சுத்திகரிப்பான் தெளிக்கிறீர்கள். வாந்திபேதி தரும் நோரோவைரஸுக்கே அது அரைகுறைக் காவல். குளூட்டனை அது அசைக்கவே அசைக்காது. ரொட்டி தொட்ட கையுறையோடு எங்கள் தட்டைத் தொடாமல், சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டுப் புதுக் கையுறை மாட்டச் சொல்லுங்கள்.

கப்பல் மருத்துவருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அமெரிக்கத் துறைமுகங்களுக்கான கப்பல் சுகாதாரத் திட்டத்தில், 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ பேதியானால் அது பதிவு செய்யவேண்டிய குடல் நோய். நோயாளியை அறையிலேயே தனிமைப்படுத்துவார்கள். எந்தக் கடலானாலும் மருத்துவருக்கு முதலில் தோன்றுவது தொற்றுதான், அது சரியும்கூட. ஆனால் தனிமைப்படுத்திய அறைக்கு வழக்கமாகப் போவது என்ன? டோஸ்ட், கிராக்கர் பிஸ்கட், நூடுல்ஸ் சூப். சீலியாக் என்ற சொல் மருத்துவக் குறிப்பிலும் இருந்தால் அரிசிக் கஞ்சி போகும்.

அறையில் கெட்டிலும் குக்கரும் கூடாது, வீட்டில் சமைத்ததைக் கொண்டுவரக் கூடாது என்ற விதிகளின் காரணம் புரிகிறது. தீயும் உணவு நஞ்சும் கடலில் விளையாட்டல்ல. அப்படியானால் முத்திரை உடையாத பொட்டல உணவை மருத்துவர் கடிதத்துடன் கொண்டுவரலாம் என்பதைச் சோதனை வாயிலில் நிற்பவருக்கும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கரையிறங்கும் நாளுக்குக் கட்டுச்சோறும் வேண்டும். பினாங்கிலும் புக்கெட்டிலும் தெருவோர வாணலி முழுக்கச் சோயா சாஸும் சிப்பிச் சாஸும்தான்.

இவற்றில் எதைச் செய்ய முடியும், எதை முடியாது என்று கப்பல்வாரியாக ஒரு பக்கம் எழுதி உங்கள் தளத்தில் போடுங்கள். 'தனி எண்ணெய்ச்சட்டி இல்லை' என்று எழுதினால் நாங்கள் கோபித்துக்கொள்ளமாட்டோம், வடையை விட்டுவிடுவோம். 'எங்களால் முழுமையாக முடியாது' என்பதும் பதில்தான். பணத்தைத் திரும்பப் பெறக்கூடிய கடைசித் தேதிக்கு முன்னால் அந்தப் பதில் வரவேண்டும், அவ்வளவே.

இப்படிக்கு,
சீலியாக் உள்ள பயணிகளும் அவர்களுக்குச் சமைத்துப் போடும் வீட்டாரும்