அந்த அஞ்சர மணி நேரத்த நான் திருடல சார்

எனக்கு கணக்கு சாஃப்ட்வேர் வித்த கம்பெனிக்கும் அதோட சப்போர்ட் டீமுக்கும்,

வணக்கம். கம்பெனி பேர் போடல, படிச்சா உங்களுக்கே தெரிஞ்சிடும். நான் ராயபுரத்துல வீட்லயே உக்காந்து சின்னச் சின்ன கடைங்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு பாக்குறவன், உங்க லைசன்ஸ காசு குடுத்து பில்லோட வாங்கினவன், கிராக் போட்டுத் தரேன்னு ஃப்ரெண்டு சொன்னப்போகூட வேணாம்னுட்டேன்.

என் லேப்டாப் பழசு, டிபிஎம் 2.0-ன்ற பாதுகாப்பு சிப் கிடையாது, அதனால விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சுது, அதுல பேங்க் வேல பாக்க பயமா இருக்குன்னு பக்கத்துலயே உபுண்டுன்ற லினக்ஸ் ஓஎஸ் போட்டு நெட் வேல எல்லாம் அதுலதான். விண்டோஸ வச்சிருக்கிறதே உங்களுக்காகத்தான், நீங்க வேற எதுலயும் ஓட மாட்டீங்களே!

போன மாசம் 20, 3பின்ற ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். உபுண்டுல ஜிஎஸ்டி போர்ட்டலுக்குப் போய், கழிச்சுக்கக்கூடிய வரியக் காட்டுற 2பி பட்டியல இறக்கிட்டு, கணக்கோட ஒத்துப் பாக்கலாம்னு ரீஸ்டார்ட் பண்ணி விண்டோஸ்க்கு வந்தா, "சிஸ்டம் தேதி மாற்றப்பட்டுள்ளது, லைசன்ஸ் முடக்கப்பட்டது"ன்னு சிவப்புல ஒரு பெட்டி. அம்மா உள்ள வந்து "ஏழு மணிக்கு மேல ஆச்சு, லைட்டுகூட போடாம என்னடா பண்ற"ன்றாங்க, ஸ்கிரீன் மூலைல பாத்தா மதியம் 1:43. அந்த நேரம் பாத்து நான் கணக்கு பாக்குற கடைக்கார அண்ணாச்சி ஃபோன், "தம்பி, போட்டாச்சா?" லேட்டானா ஒரு நாளைக்கு 50 ரூபா அவர் தலைல, வட்டி தனி.

நடந்தது இதுதான். மதர்போர்டுல இருக்குற கடிகாரத்த லினக்ஸ் யூடிசின்னு (உலகப் பொது நேரம், நம்ம மணிக்கு அஞ்சர மணி நேரம் பின்னாடி) எடுத்துக்கும், விண்டோஸ் அதையே லோக்கல் டைம்னு நம்பும். உபுண்டு நெட்ல மணி சரி பாத்து யூடிசிய எழுதிட்டுப் போனா, அடுத்து வர்ற விண்டோஸ் நம்ம ஊர்ல கரெக்டா அஞ்சர மணி நேரம் பின்னாடி எழுந்திரிக்கும். கொஞ்ச நேரத்துல அதுவே நெட்ல பாத்து திருத்திக்கும், ஆனா உங்க சாஃப்ட்வேர் அதுக்குள்ள எழுந்து, கடைசியா தொறந்த நேரத்தவிட இப்போ மணி கம்மியா இருக்கே, இவன் கெடுவ நீட்டிக்க தேதிய பின்னாடி தள்றான்னு முடிவு கட்டிடுது. லண்டன்ல குளிர்காலத்துல டெஸ்ட் பண்ணா இது தெரியவே தெரியாது, அங்க வித்தியாசமே பூஜ்யம். நீங்க இருக்கிறது சென்னைலதானே சார்?

உங்க ஆளு ஃபோன்ல என்ன சொன்னார்னா, "ரெண்டு ஓஎஸ்னா ரெண்டு சிஸ்டம் மாதிரி சார், லினக்ஸ எடுத்துட்டு கூப்பிடுங்க". அப்புறம் நான் கெஞ்சினதுல திரும்ப ஆக்டிவேட் பண்ணிக் குடுத்தார், ஆனா எனக்கு இருந்த ரெண்டு ஆக்டிவேஷன்ல மிச்சமிருந்த ஒண்ணு அதுல கழிஞ்சுபோச்சு. மெஷின் ஒண்ணுதான், உக்கார்ற ஆளும் ஒருத்தன்தான், எந்தக் கணக்குல அது ரெண்டு? விண்டோஸயே பாருங்க, விண்டோஸ் 8 காலத்துலருந்து அதோட போட்டு விக்கிற லேப்டாப்ல லைசன்ஸ் கீ மதர்போர்டுக்குள்ளயே வருது, டிஸ்க்க ரெண்டா பிரிச்சு உபுண்டு போட்டேன், ஆக்டிவேஷன் அசையவே இல்ல.

ஆக்டிவேட் பண்ண எப்படியும் நெட் கேக்குறீங்க. அப்போ கடிகாரத்து மேல சந்தேகம் வந்தா உங்க சர்வர்கிட்டயே மணி கேட்டுக்கலாமே, நேரா ஏன் பூட்டணும்? குறைஞ்சது, வித்தியாசம் சரியா அஞ்சர மணி நேரம்னா அது யூடிசி சமாச்சாரம்னாவது புரிஞ்சுக்கலாம், கால் நாள்கூட இல்லாத நேரத்த பின்னாடி தள்ளி எவன் லைசன்ஸ் திருடப் போறான்?

உபுண்டுல ஒரே ஒரு வரி கமாண்ட் போட்டு அதையும் லோக்கல் டைமுக்கே மாத்திட்டேன், இப்போ ரெண்டுலயும் ஒரே மணி. இத உங்க ஆளு ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருக்கலாம், ராத்திரி ஒரு மணி வரைக்கும் நானே தேடிக் கண்டுபிடிச்சேன். அண்ணாச்சியோடத 11:40-க்கு போர்ட்டல்ல கையாலயே அடிச்சு ஏத்தினது வேற கத.

லினக்ஸ எடுக்க மாட்டேன். கழிஞ்ச அந்த ஒரு ஆக்டிவேஷன திருப்பிப் போட்டுடுங்க, கம்ப்ளெயின்ட் குடுத்து மூணு வாரமா "பரிசீலனையில்"னே நிக்குது, அடுத்த 20 வர்றதுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர், ராயபுரம்