சாம்பல் நிற பெர்குசனுக்குச் சிவப்புச் சாயம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டிராக்டர்களைச் சேகரிப்பவர்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை வரவேற்கத்தக்கது. ஆனால் அதில் இரண்டு விஷயங்களைத் திருத்தியாக வேண்டும். '1952 மாடல் பெர்குசன்' என்ற குறிப்போடு ஒரு படம் வந்திருக்கிறது. வண்டி செக்கச்செவேல் என்று இருக்கிறது, முகப்பில் மூன்று முக்கோணச் சின்னமும் இருக்கிறது. அடுத்தது, பழைய விற்பனை நோட்டீஸ்களை லேமினேட் செய்து பாதுகாக்கலாம் என்ற யோசனை. இந்த இரண்டாவதைப் பின்பற்றினால், முதல் தவறைத் தவறு என்று காட்டக்கூடிய சான்றே இல்லாமல் போய்விடும்.

பெர்குசன் டி.இ.20 வகை டிராக்டர்கள் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் பேனர் லேன் தொழிற்சாலையில் 1946 முதல் 1956 வரை தயாராயின. ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன. பானட், மட்கார்டு, இன்ஜின், சக்கரம் எல்லாமே சாம்பல் நிறம். 1953இல் ஹாரி பெர்குசனின் நிறுவனம் மாசி ஹாரிஸ் என்ற கனடா நிறுவனத்துடன் இணைந்தது. சிவப்பு மாசி ஹாரிஸின் நிறம். இணைந்த பிறகும் டி.இ.20 கடைசி வரை சாம்பலாகவே வந்தது. 1956இல் வந்த பெர்குசன் 35க்குச் சாம்பல் தகடு, பொன் நிற இன்ஜின். சிவப்பு பானட்டும் சாம்பல் அடிப்பகுதியும் 1957 கடைசியில்தான் வந்தன. 'மாசி பெர்குசன்' என்ற பெயரும் முக்கோணச் சின்னமும் 1958க்குரியவை. ஆகவே படத்தில் உள்ள வண்டி 1952இல் செய்யப்பட்டது உண்மையானால், அதன் நிறமும் சின்னமும் பிற்காலத்தில் யாரோ ஏற்றியவை.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். உழவுக்கு ஓடிய காலத்திலேயே பல பெர்குசன்களுக்கு உரிமையாளர்கள் சிவப்பு அடித்திருக்கிறார்கள். அந்தச் சிவப்பு ஐம்பது வருடப் பழையது என்றால் அதை அப்படியே விட்டுவைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. போன வருடம் ஸ்பிரே பெயின்டர் அடித்ததை 'ஒரிஜினல்' என்று சொல்வதுதான் தவறு.

அசல் நிறத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. டீசல் டேங்கைத் தாங்கும் பட்டையின் அடியில், மீட்டர் பலகையின் பின்பக்கம், பானட்டின் உள்மடிப்பில், மட்கார்டு போல்ட் வாஷர்களின் அடியில் பாருங்கள். வெயிலும் பிரஷ்ஷும் எட்டாத இடங்கள் இவை. காசு அளவு இடத்தை 400 நம்பர் தண்ணீர்த் தாளால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, பிறகு 800, 1200 என்று போனால், நடுவில் வெறும் இரும்பும் அதைச் சுற்றி ஒவ்வொரு பூச்சும் வளையமாகத் தெரியும். இரும்பை ஒட்டிய பிரைமருக்கு மேலே இருப்பதுதான் தொழிற்சாலை நிறம். இதைப் படம் எடுத்து வைத்த பிறகுதான், பழைய பெயின்ட்டை உரிக்க மணல் அடிக்கக் கொடுக்க வேண்டும். அப்போதும் சீரியல் நம்பர் தகட்டைத் திறந்த நிலையில் விடக்கூடாது. தடித்த ரப்பர் வைத்து மூடிவிட வேண்டும். தகட்டைப் பாலிஷ் போடுவதும் கூடாது. எழுத்தின் கறுப்பு போய்விடும். ரிவெட் புதிதாக மின்னினால் தகடே மாற்றப்பட்டதா என்று சந்தேகப்படலாம். அச்சடித்த மாற்றுத் தகடுகள் வெளிநாடுகளில் தாராளமாகக் கிடைக்கின்றன.

சீரியல் எண்ணை மட்டும் நம்புவதும் ஆபத்து. அமெரிக்காவில் ஃபோர்டு 1942இல் கொண்டுவந்த 2என் டிராக்டர்களிலும் இன்ஜின் பிளாக்கில் '9என்' என்றுதான் எண் தொடங்கும். அது தெரியாதவர் அதை 1939இல் வந்த முந்தைய 9என் மாடல் என்று நினைத்து வாங்கிவிடுவார். பெர்குசனில் எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகளைப் படிக்க வேண்டும். டி.இ.20 என்றால் காண்டினென்டல் இன்ஜின், டி.இ.ஏ. என்றால் ஸ்டாண்டர்டு பெட்ரோல் இன்ஜின், டி.இ.டி. என்றால் பெட்ரோலில் கிளப்பி டிராக்டர் ஆயிலுக்கு (மண்ணெண்ணெய் போன்ற எரிபொருள்) மாற்றும் வகை, டி.இ.எஃப். என்றால் 1951இல் வந்த டீசல். தகட்டில் டி.இ.டி. என்று இருக்க, டேங்கில் பெட்ரோலுக்கான சின்ன அறை இல்லையென்றால் டேங்க் மாறியிருக்கிறது. நம் ஊரில் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண்ணையும் பிளாக்கில் உள்ளதையும் ஒப்பிட்டாலே பாதி விஷயம் வெளிவந்துவிடும்.

மீதிப் பாதியைச் சொல்பவை காகிதங்கள். அவை எல்லாம் ஒரே தரச் சான்று அல்ல என்பதைச் சேகரிப்பவர்கள் பலர் கவனிப்பதில்லை. ஒற்றைத் தாள் நோட்டீஸும் மடிப்பு கேட்டலாக்கும் ஆசை காட்டி விற்க அச்சடித்தவை. அதற்கான படங்களைத் தயாரிப்பு தொடங்கும் முன்பே, மாதிரி வண்டியை வைத்து எடுத்திருப்பார்கள். பிறகு ஓவியர் ஏர்பிரஷ்ஷால் ஒயர், குழாய், எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் துடைத்திருப்பார். சட்டென்று படத்தைப் பார்த்து, 'அசலில் இந்தக் குழாய் கிடையாது' என்று கழற்றி எறிந்துவிடக் கூடாது. அதைத் தீர்மானிப்பது பார்ட்ஸ் புக். எந்தச் சீரியல் எண் வரை எந்தப் பாகம், எதற்குப் பிறகு எது என்று அதில்தான் இருக்கும். ஆனால் நிறம், எழுத்து ஸ்டிக்கர், கூடுதல் விலைக்குக் கிடைத்த உபகரணங்கள், அன்றைய விலை இவற்றுக்குப் பார்ட்ஸ் புக் உதவாது. நோட்டீஸும் விலைப்பட்டியலும்தான் வேண்டும். குதிரைத்திறன் விஷயத்தில் இரண்டையும் நம்பாதீர்கள். இன்ஜினில் அளந்ததா, பெல்ட்டில் அளந்ததா, இழுவையில் அளந்ததா என்று நோட்டீஸ்கள் மழுப்பும். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் சோதனைச் சட்டம் கொண்டுவந்ததே இப்படிப்பட்ட விளம்பரங்களால்தான். நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் அரசு நிலையம் தரும் சோதனை அறிக்கைகள் அந்த வேலையைச் செய்கின்றன. அவையும் சேகரிக்க வேண்டியவையே.

தேதி இல்லாத நோட்டீஸுக்கு வயது கண்டுபிடிக்க வழிகள் உண்டு. பின் அட்டையின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் அச்சகக் குறியீடு இருக்கும். பிரிட்டிஷ் தாள்களில் '25எம்/3/52' என்று இருந்தால், 25 ஆயிரம் பிரதிகள், 1952 மார்ச் என்று பொருள். அது இல்லையென்றால் நிறுவனப் பெயரைப் பாருங்கள்: 'மாசி ஹாரிஸ் பெர்குசன்' என்று இருந்தால் 1953க்கும் 1958க்கும் இடைப்பட்டது. இந்திய விலைப்பட்டியல்களில் இன்னும் வசதி. அணா கணக்கு இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. 'நயா பைசா' என்றால் அதற்குப் பிந்தியது, 1964க்குள். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகுதான் அச்சாகியிருக்க முடியும். 'மெட்ராஸ் மாநிலம்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 1969க்கு முந்தியது. இதில் டீலரின் ரப்பர் ஸ்டாம்ப் ஒரு தனிப் புதையல். அழுக்கு என்று நினைத்து அழிக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரியும். எந்த ஊரில் எந்த மாடல் விற்பனைக்கு வந்தது என்பதற்கு வேறு தடயமே இருக்காது.

மாசி பெர்குசன் 35 வைத்திருப்பவர்களுக்கு இது நேரடியாக உதவும். ஆரம்ப டீசல் 35களில் நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்டு இன்ஜின். குளிரில் கிளம்ப அடம்பிடிக்கும் என்று பெயர் வாங்கியது. 1959 கடைசியில் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் வந்தது. பானட்டைத் திறந்து, டீசல் பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் குழாய்களை எண்ணினால் போதும். நோட்டீஸின் படத்திலும் அப்படியே எண்ணலாம். மூன்று குழாய் தெரியும் நோட்டீஸை '1958' என்று யாராவது விலை சொன்னால் வாங்காதீர்கள். சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வழியாக நம்மிடம் ஊன்றியது இந்த 35இன் வம்சம்தான். பின்னாளில் வந்த 1035ம் அந்த மூன்று சிலிண்டர் வழியில் வந்ததே.

போலிகளும் வருகின்றன. 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அசல் அச்சில் படம் மட்டும் புள்ளிகளாக இருக்கும், எழுத்து முழுக் கறுப்பாக, விளிம்பு கூர்மையாக நிற்கும். ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்ததில் எழுத்தும் புள்ளிகளாகச் சிதறியிருக்கும், அல்லது படத்தின் மேல் அலை அலையாகக் கோடு ஓடும். இருட்டறையில் புறஊதா விளக்கு அடித்தால் இன்றைய தாள் நீலவெள்ளையாக ஒளிரும். போருக்கு முந்தைய தாள் அப்படி ஒளிராது.

இனி லேமினேஷன். சூட்டில் உருகும் பசை தாளின் நாருக்குள் இறங்கிவிடும், பிறகு நிபுணர்களுக்கும் பிரிப்பது மிகக் கடினம். பசை மஞ்சளாகும்போது தாளும் கூடவே மஞ்சளாகும். செலோடேப்பும் இதே கதைதான். கடையில் கிடைக்கும் மலிவான பி.வி.சி. உறைகளும் வேண்டாம். புது மழைக்கோட்டு வாசனை அடிக்கிற உறை என்றாலே ஒதுக்கிவிடுங்கள். அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பசை அச்சு மையை இழுத்துக்கொள்ளும். ஓரம் திறந்த பாலியெஸ்டர் உறையும், அமிலம் இல்லாத அட்டையும் போதும். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைப் பிடித்து இழுக்காமல், அடியில் மெல்லிய தகட்டைச் செருகி, மடிந்த கால்களை நிமிர்த்தி, ஒவ்வொரு காலாக எடுக்க வேண்டும். எடுத்த துளைகள் வழியாகவே பருத்தி நூலால் தைத்துக்கொள்ளலாம்.

நம் கடலோர ஊர்களில் பெரிய எதிரி ஈரப்பதம், அடுத்தது ராமபாணப் பூச்சி. ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது, 65ஐத் தாண்டினால் பூஞ்சை கிளம்பும். பெட்டியில் சிலிகா ஜெல் போட்டு, நிறம் மாறும்போது வறுத்து மறுபடி போடலாம். பூச்சி பிடித்த காகிதக் கட்டைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுவதும் அப்படியே விட்டால்தான் தாளின் மேல் வியர்க்காது. வழுவழு ஆர்ட் தாள் நனைந்து ஒட்டிக்கொண்டால் காய்ந்த பிறகு பிரிக்கப் பார்ப்பது வீண், படத்தோடு உரிந்து வரும். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒட்டாத தாளைச் செருகி உலர்த்த வேண்டும். ஸ்கேன் செய்யும்போது 600 டி.பி.ஐ. வையுங்கள். 300இல் எடுத்தால் அச்சுப் புள்ளிகளோடு மோதி அலைக்கோடு விழும்.

வண்டியை வாங்கப் போகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. பல வருடம் நின்று இறுகிப்போன ஸ்டாண்டர்டு இன்ஜினைக் கியரில் போட்டு இன்னொரு டிராக்டரால் இழுக்கவே கூடாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, ஹேண்டிலால் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும். அது ஈர லைனர் இன்ஜின், அதாவது சிலிண்டரின் உட்குழாயைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் ஓடும். லைனர் அடியில் '8' வடிவ கேஸ்கெட் இருக்கும், அது போனால் தண்ணீர் ஆயில் சம்பில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் மோர் நிறம் தெரிந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் லிப்ட் தூக்கவில்லை என்று விலையை அடிமாட்டுக்குக் குறைக்கும் முன் பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) லீவரைப் போட்டுப் பாருங்கள். டி.இ.20இல் ஹைட்ராலிக் பம்பு பி.டி.ஓ. தண்டில் ஓடுகிறது. கிளட்சை மிதித்தால் அதுவும் நின்றுவிடும். 35இல், வண்டி நின்றாலும் பம்பை ஓடவிடும் இரண்டு நிலை கிளட்ச் வந்ததை நோட்டீஸ்கள் அத்தனை பெரிதாகப் பறைசாற்றியதற்குக் காரணம் இதுதான். கியர் பெட்டிக்கும் லிப்டுக்கும் ஒரே எண்ணெய் என்பதால், கியர் ராடின் ரப்பர் கிழிந்து மழைநீர் இறங்கினால் வால்வு இறுகிக்கொள்ளும். எண்ணெயை மாற்றி, வால்வைக் கழுவினாலே பல வண்டிகள் தூக்க ஆரம்பித்துவிடும். இன்னொன்று, டி.இ.20இல் கியர் ராடையே 'எஸ்' நிலைக்குத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய முடியும். யாராவது தனியாக பட்டன் வைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. கியரில் கிளம்பி ஆள் மேல் பாயும். பெயின்ட்டுக்குச் செலவழிக்கும் முன் அதை மாற்றுங்கள்.

பழைய டீலர் கடைகளைக் காலி செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பார்ட்ஸ் அலமாரியில் கிடக்கும் காகிதக் கட்டை எடைக்குப் போடும் முன் ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். வாங்கிக்கொள்பவர்கள் கட்டைப் பிரித்து மாடல் வாரியாக அடுக்குவதற்கு முன்னால், எந்தக் கடை, எந்த ஊர், எந்த வரிசையில் இருந்தது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். உறையின் மேல் ஒட்டும் சீட்டில் அல்ல, தாளின் பின்பக்க ஓரத்தில், மெல்லிய பென்சிலால். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அதன் மை மறுபக்கம் ஊறித் தெரியும்.

அந்தப் படக் குறிப்பை அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வண்டியின் உரிமையாளர் சீரியல் தகட்டின் படத்தை அனுப்பினால், அதையும் சேர்த்தே வெளியிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்