கொடி வாங்கியவர்களுக்கும் வாங்க வருகிறவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

போன ஆகஸ்டில் எங்களிடம் 3 அடிக்கு 2 அடி பாலியஸ்டர் தேசியக் கொடி வாங்கியவர்கள், தயவுசெய்து அதை ஒரு தடவை விரித்துப் பாருங்கள். நடுவிலுள்ள சக்கரம் கோழிமுட்டை மாதிரி நீண்டிருந்தால் கொண்டுவாருங்கள். பில்கூட வேண்டாம், மாற்றித் தருகிறோம். வெளியூரிலிருந்து வந்த ஒரு கொடிக்கட்டில் அச்சு இழுபட்டிருந்தது. எங்கள் கண்ணில் படவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வாங்கிப்போன பி.டி. மாஸ்டர் ஒருவர் மறுநாளே வந்து, கல்லா மேஜைமேல் விரித்து, ஸ்கேலை வைத்துக் குறுக்கே ஒரு தரம், நெடுக்கே ஒரு தரம் அளந்து காட்டினார். ஒரு விரற்கடை வித்தியாசம். அச்சடித்தவர் யாராக இருந்தாலும் விற்றது நாங்கள்.

சக்கரத்துக்கு ஏன் இந்தக் கறார் என்று சிலர் கேட்டீர்கள். காங்கிரஸ் கொடியில் முன்பு இருந்தது ராட்டை. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் தேசியக் கொடித் தீர்மானத்தைக் கொண்டுவந்தபோது நேரு ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொன்னார்: கொடியின் ஒரு பக்கச் சின்னம் மறுபக்கமும் அப்படியே தெரிய வேண்டும், முழு ராட்டை அதற்குத் தோதுப்படாது. தையல் மிஷினில் உட்கார்ந்தவனுக்கு இது சட்டென்று புரியும். ராட்டையைப் பின்னாலிருந்து பார்த்தால் இடம் வலம் மாறிவிடும். அசோகச் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே 24 ஆரம்தான். பின்பக்கம் வெளிறிப்போன ஒருபக்க அச்சுக் கொடிகளை நாங்கள் எடுக்காததற்கும் இதுதான் காரணம்.

மற்ற ஊர்க் கடைகளுக்குக் கொடி சீசன் வருஷத்துக்கு இரண்டு. நம் புதுச்சேரியில் நான்கு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களிக்கக் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள். நவம்பர் 1இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆட்சி கைமாறியது. சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆகஸ்ட் 16 வரை ஆனது. அதனால்தான் ஆகஸ்ட் 15க்கு ஏற்றிய கொடியை இறக்கி மடிப்பதற்குள் மறுநாள் ஆர்டர் வந்து நிற்கும். இதில்லாமல் பிரான்சின் தேசிய தினமான ஜூலை 14க்குச் சொல்தா வீட்டுக்காரர்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் குடும்பத்தார், பிரெஞ்சுக் கொடியும் சேர்த்துக் கேட்பார்கள். தாராளமாகத் தருகிறோம். ஆனால் இரண்டையும் ஒரே கம்பில் மேலும் கீழுமாகக் கட்டித் தரச் சொல்லாதீர்கள். தனித்தனிக் கம்பு, ஒரே அளவுக் கொடி. தெருவிலிருந்து பார்ப்பவருக்கு நம் கொடி இடப்பக்கம் வர வேண்டும். பிரெஞ்சுக் கொடியைப் பார்த்த பழக்கத்தில் நம்முடையதையும் பால்கனியில் நெட்டுக்குத்தாகத் தொங்க விடுகிறவர்கள் உண்டு. விடலாம், தப்பில்லை. பார்ப்பவருக்குக் காவி இடப்பக்கம் இருக்கட்டும்.

வெள்ளைப் பட்டையில் கம்பெனிப் பெயர் போட்டு இருநூறு கொடி கேட்டு வந்த மனை விற்பனைக்காரரைப் போன மாதம் திருப்பி அனுப்பினோம். நல்ல வியாபாரம்தான், வயிறு எரிந்தது. ஆனால் கொடியில் எழுத்து கூடாது. 1971ஆம் வருஷச் சட்டத்தில் கொடியை அவமதித்தால் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. பால்கனிக்கு ஏற்றபடி சதுரமாக வெட்டித் தருவதும் கிடையாது. எந்த அளவானாலும் நீளம் மூன்று பங்கு, உயரம் இரண்டு பங்கு. கொடிக்குள் பூ வைத்துச் சுருட்டித் தரச் சொன்னால் மட்டும் தயங்காமல் தருவோம், அதற்கு விதியிலேயே இடம் இருக்கிறது.

கடைசியாக, மொட்டை மாடி. 2022 ஜூலையிலிருந்து வீட்டில் இரவும் பகலும் கொடி பறக்கலாம் என்று விதி மாறியது. நல்லதுதான். ஆனால் நம் ஊர் உப்புக்காற்றுக்கு அந்த விதி தெரியாது. கம்பில் கட்டிய பக்கம் அப்படியே இருக்கும். பறக்கும் பக்கத்து ஓரத் தையல் முதலில் விட்டு, இழை இழையாகப் பிரிந்து, ஐப்பசி மழைக்குள் பச்சை பாதி போயிருக்கும். கிழிந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது. கைப்பிடித் துணியாக்குவதும் குப்பை வண்டியில் போடுவதும் அதைவிட மோசம்.

எங்களிடம் கொடுத்துவிடுங்கள், எந்தக் கடையில் வாங்கியதானாலும் சரி. கதர்க் கொடிகளைச் சேர்த்துவைத்துக் கொல்லைப்புறத்தில், வேடிக்கை பார்க்க ஆளில்லாத நேரத்தில், முழுசாக எரித்துவிடுகிறோம். பாலியஸ்டர் எரியாமல் உருகிக் கருப்பாக ஒட்டுகிறது, பார்க்கவே சங்கடம்; அவற்றைக் குழி தோண்டிப் புதைக்கிறோம். 2021 டிசம்பரிலிருந்து பாலியஸ்டருக்கும் அனுமதி உண்டு என்பதால் விற்கிறோமே தவிர, எங்களைக் கேட்டால் கதரைத்தான் எடுத்துக்கொடுப்போம்.

கொண்டுவரும்போது பிளாஸ்டிக் பையில் திணிக்காமல், காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, சக்கரம் மேலே தெரியும்படி கொண்டுவாருங்கள். மடிக்கத் தெரியாவிட்டால் அப்படியே எடுத்து வாருங்கள், கல்லாவில் இருக்கும் பையன் மடித்துக்கொள்வான். ஞாயிறு மதியம் கடை இல்லை.

இப்படிக்கு,
பெரிய மார்க்கெட் பக்கத்து உங்கள் துணிக்கடைக்காரர்