பாவு என்றே வாசி, பாப்பா

செல்லூர், மதுரை
ஐப்பசி 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை, மாடிக்கு ஏறி வடகம் காயப்போடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

சிங்கப்பூர் எழுத்தாளர் விழாவில் உன் தறிக் கதையை நீயே வாசிக்கப் போகிறாய் என்று போனில் சொன்னாயே, அப்போது "சந்தோஷம் தாயி" என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு எழவில்லை. போனை வைத்த பிறகு ராத்திரி முழுக்க உன்னிடம் பேசிக்கொண்டேதான் படுத்திருந்தேன். அதையெல்லாம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாளே நத்தம் ரோட்டுக் கலைஞர் நூலகத்துக்குப் போனேன். 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாளாவது அங்கே போய்விடுகிறேன். கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிற தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த மாதிரி விழாக்களைப் பற்றித் தேடினேன். உங்கள் ஊர் விழா 1986இல் தொடங்கியதாம். ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்குக்கும் அதில் இடம் உண்டு என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஜெய்ப்பூரில் நடப்பது 2006இல்தான் ஆரம்பம். ஸ்காட்லாந்தில் எடின்பரோ புத்தக விழா 1983. வேல்ஸில் ஹே என்று ஒரு சின்ன ஊர், பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போனது, அங்கே 1988இலிருந்து. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1960இலேயே தொடங்கிவிட்டார்கள். அங்கே பூங்காவில் மரநிழலில் நாற்காலி போட்டு, டிக்கெட் இல்லாமல் நடத்தி வந்திருக்கிறார்கள்.

முப்பத்தைந்து வருஷம் மைக் செட் போட்டவன் கண்ணுக்கு வேறு விஷயங்கள்தான் முதலில் படும். எடின்பரோவில் ரொம்ப காலம் ஒரு தோட்டத்தில் கூடாரம் அடித்து நடத்தியிருக்கிறார்கள். மழை பெய்தால் கூடாரத் துணியில் விழுகிற சத்தத்தையும் மைக் சேர்த்து இழுக்குமே, அதை எப்படிச் சமாளித்தார்கள்? ஜெய்ப்பூரில் ஒரே நேரத்தில் பல பந்தல்களில் பேச்சு. ஒரு பந்தல் சத்தம் இன்னொரு பந்தலில் விழாமல் ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்பி வைத்தார்கள்? வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்தத் தம்பியும் பொறுமையாகக் காட்டினான்.

அப்படிப் பார்த்ததில் என்னை உலுக்கிய ஒன்று உண்டு. எழுதியவர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புத்தகத்தைத் திறந்து வாசிக்கிறார். கை வீசவில்லை, குரல் உயரவில்லை. நானூறு ஐந்நூறு பேர் மூச்சுக் காட்டாமல் கேட்கிறார்கள். பத்து நிமிஷம் வாசித்த பிறகு பக்கத்தில் இருப்பவர் கேள்வி கேட்கிறார், பிறகு சனங்கள் கேட்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் முடிந்து, புத்தகத்தில் கையெழுத்து வாங்க வரிசை நிற்கிறது. அவ்வளவுதான். நம்ம ஊர்க் காது பட்டிமன்றத்துக்கும் அரசியல் கூட்டத்துக்கும் பழகின காது. கைதட்டல் விழவில்லையென்றால் பேச்சு விழுந்துவிட்டது என்றே நானும் நினைத்திருந்தேன். அந்த அமைதிதான் அங்கே கைதட்டல் என்று புரிய எனக்கு இத்தனை வயசாகியிருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதுசு இல்லை. அரங்கேற்றம் என்று எதைச் சொன்னார்கள்? எழுதியவனே சபை நடுவில் வாசித்துக் காட்டி, கேட்பவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் நூல். குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை நம்ம கோயிலில் திருமலை நாயக்கர் முன்னால் அரங்கேற்றிய கதையைச் சின்ன வயசில் உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். 'தொடுக்கும் கடவுட் பழம்பாடல்' என்ற பாட்டு வந்தபோது அர்ச்சகர் மகள் உருவத்தில் அம்மனே வந்து ராஜா மடியில் உட்கார்ந்தாள், அவர் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்குப் போட்டாள் என்பார்கள். நீ அந்த மாலையைப் பற்றியே கேட்பாய். என் நினைப்பு எப்போதும் அந்தக் கல் மண்டபத்தைப் பற்றித்தான். கல்லில் குரல் மோதித் திரும்பி வரும். அவசரமாகச் சொன்னால் முன்னால் சொன்ன சொல்லும் பின்னால் சொன்ன சொல்லும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கலங்கிப்போகும். ஒரு சொல் போய்த் திரும்பி அடங்கும்வரை பொறுத்து, அடுத்த சொல்லை விட வேண்டும். அந்தக் காலத்துப் புலவர்கள் அப்படித்தான் வாசித்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது.

நீயும் அப்படி வாசி. உன் மண்டபம் ஏசி போட்டதாக இருக்கும், எதிரொலியே இருக்காது. இருந்தாலும் கல் மண்டபத்தில் வாசிப்பதாக நினைத்துக்கொள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு விஷயம் என் நெஞ்சில் கிடக்கிறது. உனக்கு ஒன்பது வயசு இருக்கும். இங்கே ஒரு மண்டபத்தில் நடந்த இலக்கியக் கூட்டத்துக்கு நான் மைக் போட்டேன், நீயும் வந்திருந்தாய், வயர் மூட்டை மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டாய். வயசான ஒரு அம்மா தான் எழுதிய கதையை வாசித்தார்கள். சின்னக் குரல். பின்வரிசையிலிருந்து ஒருத்தர் "சத்தமாப் படிங்கம்மா" என்று குரல் கொடுத்தார். நான் யோசிக்காமல் ஆம்ப்ளிஃபையரில் வால்யூமைத் திருகிவிட்டேன். ஸ்பீக்கர் ஊளையிட்டது. அந்த அம்மாவுக்குக் கை நடுங்கிவிட்டது. மீதி இருந்த இரண்டு பக்கத்தை மளமளவென்று ஓட்டி முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் கதையின் முடிவு அன்றைக்கு அங்கே இருந்த ஒருவர் காதிலும் விழவில்லை. நான் எழுந்து போய் மைக்கை அவர் வாய்க்கு நாலு விரற்கடை கிட்டத்தில் நகர்த்தி வைத்திருந்தால் போதும். அது என் தொழில், நான் செய்யவில்லை. அவர்கள் இறங்கி வந்தபோது மன்னிப்புக் கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை.

அதனால் இதைக் கேட்டுக்கொள். நிகழ்ச்சிக்கு அரைமணி முன்னாலேயே போய், மைக் பார்க்கிறவரைத் தேடிப் பிடித்து, வணக்கம் சொல்லி, ஒரு பத்தி வாசித்துக் காட்டு. "ஒன், டூ, த்ரீ" சொல்வதில் அவருக்கு ஒன்றும் தெரியாது. கதையை வாசிக்கிற குரலைத்தான் அவர் கேட்க வேண்டும். மேஜை மைக் என்றால் வாய்க்கு ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் சாய்வாக. நேர் எதிரே இருந்தால் 'ப' வருகிற இடமெல்லாம் காற்று மோதி 'டப்' என்று இடிக்கும். உன் கதையில் பாட்டி, பாவு, படல் என்று எத்தனை 'ப' வருகிறது பார். புத்தகத்தை மடியில் வைத்துக் குனிந்து படிக்காதே, குனிந்தால் குரல் மைக்கை விட்டுப் போய்விடும். பெரிய எழுத்தில் தனித்தனித் தாளாக அச்சடித்து வைத்துக்கொள், ஸ்டேப்ளர் பின் அடிக்காதே. தாள் புரளுகிற சத்தம் அந்த மைக்கில் மட்டைப் பந்தல் சரசரப்பது போலக் கேட்கும்.

நீ அனுப்பிய கதையை மொட்டை மாடியில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. உனக்குத் தந்திருப்பது பத்து. அங்கங்கே வெட்டிச் சுருக்கலாம் என்றிருக்கிறேன் என்றாயே, வேண்டாம். தறியை விலைக்கு வாங்கிப் போகிறவர்கள் வண்டியோடு வாசலில் வந்து நிற்கிற இடத்தில் ஆரம்பி, பாட்டி தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிற இடத்தில் நிறுத்து. ஒன்பதரை நிமிஷம். அதில் ஒரு எழுத்தைக்கூட எடுக்காதே. மீதியைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் வாங்கிப் படிக்கட்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பாவு, ஊடை, நாடா என்றெல்லாம் சொன்னால் அங்கே யாருக்கும் புரியாது, எளிதாக 'நூல்' என்று மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டாய். மாற்றாதே தாயி. உன் அப்பத்தா நாற்பது வருஷம் இந்தச் செல்லூரில் பாவு என்றுதான் சொன்னாள். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி போட்டதை நீயே பார்த்திருக்கிறாய். நீட்டுவாக்கில் கட்டி நிற்பது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை, அந்த ஊடையைச் சுமந்து ஓடுகிற கட்டை நாடா. பாவையும் ஊடையையும் நூல் என்று சொல்லிவிட்டால் துணியே இல்லை. தமிழ் தெரிந்தவர்களுக்குச் சொல் புதிதாக இருந்தாலும் கதையிலிருந்து பொருள் கிடைத்துவிடும். தெரியாதவர்களுக்குத் திரையில் ஆங்கிலம் ஓடும் என்கிறாய். பிறகு யாருக்காக மாற்ற வேண்டும்? நாலு மொழிக்கு இடம் கொடுத்துக் கூப்பிட்டவர்கள், உன் மொழியை முழுசாகக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

உன் கதையை ஆங்கிலத்தில் கொண்டுவந்த அந்தப் பெண் 'பாவு' என்றால் என்ன என்று மூன்று தடவை போன் செய்து கேட்டாள் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து அவள் மேல் எனக்கு மரியாதை. வாசிக்கத் தொடங்கும் முன்னால் அவள் பெயரைச் சபையில் சொல், அவள் எந்த வரிசையில் இருந்தாலும் எழுந்து நிற்கச் சொல். 2025இல் நம்ம பக்கத்துக் கன்னடத்தில் எழுதிய பானு முஷ்தாக்குக்குச் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்ததே, அந்த 50,000 பவுண்டில் சரிபாதி மொழிபெயர்த்த தீபா பாஸ்திக்கு. அந்தப் பரிசின் விதியே அப்படி என்று படித்தபோது நியாயமான ஏற்பாடு என்று பட்டது.

கேள்வி நேரத்தைப் பற்றிப் பயப்படாதே. கேள்வி கேட்கிறேன் என்று எழுந்து அஞ்சு நிமிஷம் தன் கருத்தைப் பேசுகிறவர் எந்த ஊர்ச் சபையிலும் ஒருத்தர் இருப்பார். பொறுமையாகக் கேள். அதில் ஒரு சொல்லாவது உன் கதையைத் தொட்டிருந்தால் அதற்கு மட்டும் பதில் சொல்.

உன் நிகழ்ச்சி முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதே. சீனத்திலும் மலாயிலும் வாசிக்கிறவர்களையும் போய்க் கேள். மொழி தெரியாதே என்பாய். நான் ஒரு தடவை நம்ம சௌராஷ்டிரக்காரர்கள் நடத்திய விழாவுக்கு மைக் போட்டேன். ஒரு பெரியவர் அவர்கள் மொழியில் பாட்டு எழுதி வாசித்தார். எனக்கு அந்த மொழியில் பத்துச் சொல்கூடத் தெரியாது. ஆனால் ஹெட்ஃபோனில் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எந்த இடத்தில் சனங்கள் சிரிக்கப் போகிறார்கள், எந்த இடத்தில் அவர் தொண்டை அடைக்கப் போகிறது என்று ஒரு நொடி முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மூச்சு முதலில் மாறும், சொல் பிறகுதான் மாறும். நீ எழுதுகிறவள், அந்தக் காது உனக்கும் வேண்டும்.

நேற்று ராத்திரி அந்த ஒன்பதரை நிமிஷத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாடா ஓடுகிற இடத்தில் அவள் வலதுகை மட்டும் மடியில் தானாக இழுத்து இழுத்து விட்டது. கல்யாணமான புதிதில் அப்பத்தாவோடு அவளும் தறியில் உட்கார்ந்தவள்தானே.

மாப்பிள்ளையிடம் மூன்றாவது வரிசை நடுவில் உட்கார்ந்து போனில் பதிவு செய்யச் சொல். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வேண்டாம், சத்தம் உடையும். முடிந்ததும் நேரம் பார்க்காமல் எங்களைக் கூப்பிடு. அங்கே ராத்திரி பத்து என்றால் இங்கே ஏழரைதான். நாங்கள் சாப்பிடாமல் காத்திருப்போம்.

அன்புடன்,
அப்பா