கிலோமீட்டரை வைத்து மணிக்கணக்கு சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் உலக நகரங்களின் விமான தூரம், பயண நேரம் என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். அதில் ஹெல்சின்கி – டோக்கியோ 7,800 கி.மீ., ஒன்பதரை மணி நேரம் என்று இருக்கிறது. தூரம் சரி. நேரம் 2022 பிப்ரவரியோடு முடிந்துபோன கதை, இப்போது ஏறி உட்கார்ந்தால் இறங்க சுமார் 13 மணி நேரம் ஆகும்.

நான் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன். பின்லாந்தில் மகனைப் பார்த்துவிட்டு அப்படியே ஜப்பானில் மகள் வீட்டுக்குப் போகிற ஒரு பெரியவர், உங்கள் பக்கத்தைக் கத்தரித்து எடுத்து வந்து, "நேர் விமானம்னு சொல்லிட்டு நடுவுல எங்கேயோ இறக்கி ஏத்துறீங்களா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தடை போட்டது, மறுநாளே ரஷ்யா 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானத்தை மூடிவிட்டது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்குக் குறுக்கு வழி என்றாலே சைபீரியாதான், ஏறிய கொஞ்ச நேரத்தில் ரஷ்யா வந்துவிடும், அப்புறம் பாதி உலகம் அதே நாடு. அது இல்லையென்றால் ஒன்று வட துருவத்தைத் தாண்டி அலாஸ்கா பக்கமாகப் பறந்து வர வேண்டும், இல்லை தெற்கே கஜகஸ்தான், சீனா வழியாகச் சுற்ற வேண்டும். எந்த வழி என்பதை அன்றைய காற்றைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். துருவத்துக்கு மேலே குளிர் எப்படி என்றால், விமான எரிபொருள் மைனஸ் 47 டிகிரி வாக்கில் உறைய ஆரம்பிக்கும், வெளியே அதைவிடக் குளிராக இருக்கும், அதனால் விமானி டேங்கின் வெப்பநிலையையும் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். பயணிகளுக்கு மட்டும் துருவம் கடந்ததற்கு ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்கள்!

இதில் வேடிக்கை, 1983இல் பின்லாந்தின் பின்னேர் விமான நிறுவனம் இதே டோக்கியோவுக்கு டிசி-10 விமானத்தை விட்டபோதும் சோவியத் வானம் கிடைக்காமல் துருவம் வழியாகத்தான் போனது, அப்போதும் சுமார் 13 மணி நேரம். இடையில் அந்த வானம் திறந்தது, நேரம் குறைந்தது, ஒரே விமானம் 24 மணி நேரத்தில் ஆசியாவுக்குப் போய்த் திரும்பிவிடும் என்ற கணக்கை நம்பித்தான் அந்த நிறுவனம் தன் வியாபாரத்தையே கட்டியது. சீன விமானங்கள் இன்றும் ரஷ்யா மேலேயே பறக்கின்றன, தடை அவர்களுக்கு இல்லை. ஐரோப்பாவிலிருந்து பெய்ஜிங் போவதற்கு ஒரே தூரம்தான், ஆனால் எந்த நாட்டு விமானம் என்பதைப் பொறுத்து நேரம் மாறும்.

அதனால் இனிமேல் தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் போடாதீர்கள். விமான நிறுவனத்தின் இப்போதைய கால அட்டவணையைப் பார்த்து, போக எவ்வளவு, திரும்ப எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள். லண்டன் – டோக்கியோ வரியையும் திருத்த வேண்டும், அங்கேயும் பழைய 12 மணி நேரமே இருக்கிறது, இப்போது 14 மணி நேரத்தை ஒட்டி ஆகிறது.

– ஒரு டிக்கெட் முகவர், திருச்சி